மூன்று என்றால் எந்த மூன்று?

கேள்வி: அம்மா, வணக்கம். ஆறு மாதமாக ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே ஆங்கிலம்–தமிழ் வேலை செய்கிறேன். அவர்கள் கொடுத்த கலைச்சொல் பட்டியலில் ‘ட்ரையட்’ என்ற சொல்லுக்கு நேராக ‘மும்மை’ என்று போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வேறு எதை எழுதினாலும் மென்பொருள் சிவப்புக் கோடு போடுகிறது. போன மாதம் மட்டும் இந்தச் சொல் நான்கு வேலைகளில் வந்தது: கீபோர்டு பழகுபவர்களுக்கான பாடம், செவிலியர் பயிற்சிக் குறிப்பு, தகவல் பாதுகாப்புத் துண்டறிக்கை, ஹாங்காங் கதை ஒன்றின் சப்டைட்டில். நான்கிலும் ‘மும்மை’ என்றே போட்டேன். மதிப்பீட்டாளர் நான்கையும் ‘பொருள் பிழை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். பட்டியலைப் பின்பற்றியது என் தவறா? எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச் சொல் உண்டா? இல்லையென்றால் ‘ட்ரையட்’ என்றே விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, பட்டியலைப் பின்பற்றியதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் பூட்டிய சொல்லைத் தொட்டால் அதற்கும் திட்டுதான் கிடைக்கும். ஆனால் சிவப்புக் கோடு வரவில்லை என்பதால் வரி சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் சறுக்கல். அந்த மென்பொருளுக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது.

நானும் இதே சொல்லில் விழுந்து எழுந்தவள்தான். பல வருடம் முன்பு ஒரு துப்பறியும் நாவலின் மொழிபெயர்ப்பைச் செம்மையாக்கிக் கொடுத்தேன். அதில் ‘இருநூறு பேர் கொண்ட அந்த மூவர் குழு’ என்று ஒரு வரி. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கண்ணில் படவில்லை. அச்சாகி வந்த பிறகு ஒரு கல்லூரிப் பெண் தபால் அட்டையில் ஒரே வரி எழுதிக் கேட்டாள்: “மீதி நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் யார்?” அந்த அட்டையை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஒரே சொல் கிடையாது. ‘ட்ரையட்’ என்றே விடுவது உங்கள் நான்கு வேலைகளில் ஒன்றுக்கு மட்டும் சரி. எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிரேக்கத்தில் ‘ட்ரையாஸ்’ என்றால் மூன்று சேர்ந்த ஒன்று. அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. அதனாலேயே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஆயர் தியோபிலஸ் கடவுளையும் அவருடைய வார்த்தையையும் ஞானத்தையும் சேர்த்துச் சொல்ல இதே சொல்லைப் பயன்படுத்தினார். 1834இல் ஜெர்மானிய நிலவியலாளர் ஃபிரெடரிக் ஃபான் ஆல்பெர்ட்டி, தன் நாட்டில் மூன்று பாறை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு ‘ட்ரையாஸ்’ என்று பெயர் வைத்தார். டைனோசர்கள் தலையெடுத்த ‘ட்ரையாசிக்’ காலம் என்று பள்ளியில் படித்தோமே, அது இந்தப் பெயர்தான். இறையியலுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சொல் இப்படி நீந்தும்போது, அதைத் தமிழில் ஒரே தொட்டியில் அடைக்க முடியுமா?

பட்டியலில் இருக்கிற ‘மும்மை’ எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பள்ளி வேதியியல். ஜெர்மானிய வேதியியலாளர் டாபர்னீர் 1829இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: குணத்தில் ஒத்துப்போகிற மூன்று தனிமங்களை அணுநிறை வரிசையில் வைத்தால், நடுவில் இருப்பதன் நிறை மற்ற இரண்டின் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறது. லித்தியம் 7, பொட்டாசியம் 39. கூட்டினால் 46, பாதி 23. சோடியத்தின் நிறை 23. குளோரின் 35.5, அயோடின் 127; பாதி 81.25, புரோமின் ஏறக்குறைய 80. தமிழ்ப் பாடப்புத்தகம் இதை ‘மும்மை விதி’ என்கிறது, அழகாகப் பொருந்துகிறது. அங்கே மூன்றும் ஒரே சாதி, ஒரே குணம், ஒரே வரிசை. ‘மும்மை’ என்ற பண்புப் பெயர் அந்த ஒருமையைத் தாங்குகிறது. யாரோ ஒருவர் அந்தப் பாடத்திலிருந்து சொல்லை உருவி, துறை எதுவென்று குறிக்காமல் உங்கள் பட்டியலில் நட்டுவிட்டார். அதன் பிறகு அது இசைக்கும் மருத்துவத்துக்கும் ஹாங்காங் கதைக்கும் ‘அதிகாரபூர்வமான’ சொல்லாகிவிட்டது.

இனி நான் கடைப்பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். ‘ட்ரையட்’ வந்ததும் தமிழ்ச் சொல்லைத் தேட மாட்டேன். முதலில் அந்த மூன்றும் எவை என்று மூலத்தின் ஓரத்தில் எழுதுவேன். பிறகு அதில் ஒன்றை மனசுக்குள் உருவிப் பார்ப்பேன். மீதி இரண்டும் என்ன ஆகின்றன? இந்தப் பதில் துறைக்குத் துறை மாறும். அந்த மாற்றத்தில்தான் தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. டாபர்னீரின் மூன்றில் நடுவிலிருப்பதை உருவுங்கள், மற்ற இரண்டையும் வைத்து அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். மற்ற துறைகளில் இது நடக்காது.

கீபோர்டுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் கட்டையில் சி–யை அழுத்துங்கள். ஒன்றை விட்டு அடுத்த வெள்ளைக் கட்டை ஈ. இன்னொன்றை விட்டு அடுத்தது ஜி. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘சி மேஜர்’. கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் சி–யிலிருந்து ஈ நான்கு படி, ஈ–யிலிருந்து ஜி மூன்று படி. அதே விரல் அமைப்பை அப்படியே நகர்த்தி ஏ, சி, ஈ என்று வையுங்கள். இப்போது மூன்று படி முதலில், நான்கு படி பிறகு. ஒலி வாடிப்போகும், அது மைனர். பி, டி, எஃப் என்றால் மூன்றும் மூன்றும். நான்கும் நான்குமாக வேண்டுமென்றால் ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டாக வேண்டும். ஆக நாலே வகை. நம் சுரக் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் சேர்ந்தால் மேஜர். காந்தாரத்தை சாதாரண காந்தாரமாக இறக்கினால் மைனர்.

இப்போது நடுச் சுரத்தை உருவுங்கள். சி–யும் ஜி–யும் மட்டும் நிற்கும். கேட்க உறுதியாக இருக்கும். ஆனால் மேஜரா மைனரா என்று யாராலும் சொல்ல முடியாது. கிட்டார்காரர்கள் ‘பவர் கார்ட்’ என்று வாசிப்பது இதைத்தான். அப்படியானால் இந்த ட்ரையட்டின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, அடுக்கிய விதத்தில் இருக்கிறது. எந்த மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்தினாலும் அது ட்ரையட் ஆகிவிடாது. சி, எஃப், ஜி மூன்று சுரம்தான், ஆனால் இலக்கணப்படி அது ட்ரையட் இல்லை. ஆகவே நான் ‘முச்சுர அடுக்கு’ என்று எழுதுவேன். பாடம் சிறுவர்களுக்கென்றால் ‘மூன்று சுர கார்ட்’ போதும். வாசிக்கிற பிள்ளைகள் ‘கார்ட்’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் ‘மேஜர் ட்ரையட்’ என்பது ‘பெரிய மும்மை’ ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டாளர் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருக்கிறது.

செவிலியர் குறிப்பு விஷயம் வேறு. இங்கே சொல் பிசகினால் சிரித்துவிட்டுப் போக முடியாது. மருத்துவத்தில் ட்ரையட் என்று வந்தால் பெரும்பாலும் மூன்று அறிகுறிகள், மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தைச் சுட்டுபவை. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் திரவம் தேங்கி இதயத்தை நெருக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கும், கழுத்துச் சிரைகள் புடைக்கும், இதய ஒலி மங்கிக் கேட்கும். கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 1935இல் சொன்னது என்பதால் ‘பெக் ட்ரையட்’. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும்போது வருவது ‘குஷிங் ட்ரையட்’: இரத்த அழுத்தம் உயரும், நாடித்துடிப்பு குறையும், மூச்சு ஒழுங்கு தப்பும். ஒன்றில் அழுத்தம் இறங்குகிறது, மற்றதில் ஏறுகிறது. இரண்டையும் ‘மும்மை’ என்று எழுதிவிட்டு மருத்துவர் பெயரையும் ஒலிபெயர்ப்பில் சிதைத்து வைத்தால் படிக்கிற செவிலியர் எதைப் பிடித்துக்கொள்வார்?

இங்கே ஒன்றை உருவிப் பாருங்கள். சந்தேகம் கொஞ்சம் தளரும், ஆனால் போய்விடாது. நிஜ நோயாளியிடம் மூன்றும் வரிசையாக வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டே தெரிந்தாலும் மருத்துவர் ஓடத்தான் செய்வார். அதனால் என் சொல் ‘முக்குறி’. மூன்று குறிகள், குறிப்பது ஒன்றை. ‘பெக் முக்குறி’, ‘குஷிங் முக்குறி’. ‘முப்பிணி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சித்த மருத்துவம் வாத, பித்த, கபத்துக்கு அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆனால் மருத்துவ ட்ரையட் எல்லாம் முக்குறியும் இல்லை. ‘விர்ஷோ ட்ரையட்’ என்பது இரத்தக்குழாய்க்குள் கட்டி உறைவதற்கான மூன்று காரணங்கள்: இரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் நிலையில் இருப்பது. இவை நோயாளியின் உடம்பில் வெளியே தெரியும் குறிகள் அல்ல. ‘முக்காரணி’ என்றால்தான் பொருந்தும். கல்லீரலுக்குள் தமனிக் கிளை, சிரைக் கிளை, பித்தநாளம் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்து ஓடுவதையும் ட்ரையட் என்கிறார்கள். அங்கே அறிகுறியும் இல்லை, காரணமும் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். ‘முக்கூட்டு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

பெயர்களில் இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. ‘ஷார்கோ ட்ரையட்’ என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒரே ஷார்கோவின் பெயரில். பித்தநாளத் தொற்றில் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி. நரம்பு மண்டல நோயில் கண்விழி ஆட்டம், ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது வரும் நடுக்கம், துண்டு துண்டாக வரும் பேச்சு. அடுத்தது பெக். இதயத்துக்குச் சொன்ன கிளாட் பெக் வேறு, மனச்சோர்வில் ஒருவர் தன்னையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் இருட்டாகவே பார்க்கிறார் என்று ஒரு ட்ரையட் சொன்ன ஏரன் பெக் வேறு. மனநலக் கட்டுரையில் ‘பெக் ட்ரையட்’ என்று பார்த்தவுடன் இணையத்தில் தேடி, முதலில் வந்த கழுத்துச் சிரையை எடுத்து அடிக்குறிப்பில் போட்ட மொழிபெயர்ப்பு ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன்.

மனநலம் என்றதும் இன்னொன்று. நார்சிசம் (தன்மோகம்), மாக்கியவெல்லித்தனம் (காரியத்துக்காகச் சூழ்ச்சி செய்வது), சைக்கோபதி (இரக்கமின்மை) மூன்றையும் சேர்த்து ‘டார்க் ட்ரையட்’ என்று பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2002இல் பெயர் வைத்தார்கள். இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘இருண்ட முக்குணம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். முக்குணம் என்றால் தமிழ் வாசகருக்கு சத்துவம், ராஜசம், தாமசம் என்று பாடம். ‘தாமசம்தான் இருண்ட குணமோ’ என்று அவர் வேறு ஊருக்கு வண்டி ஏறிவிடுவார். ‘இருண்ட முப்பண்பு’ அவ்வளவு இனிமையாக இல்லைதான், ஆனால் வழி தவறாது.

தகவல் பாதுகாப்பு. இது எளிது. மூன்று எழுத்துகளைப் பார்த்து பயப்படாமல் இருந்தால் போதும். மூலத்தில் ‘சிஐஏ ட்ரையட்’ என்று இருந்திருக்கும். அமெரிக்க உளவு நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கான்ஃபிடென்ஷியாலிட்டி, இன்டெக்ரிட்டி, அவைலபிலிட்டி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் தற்செயலாக அப்படி விழுந்துவிட்டன. உங்கள் வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பு எவ்வளவு என்று அடுத்தவர் பார்த்துவிட்டால் மறைகாப்பு போயிற்று. யாரோ எண்ணை மாற்றிவிட்டால் மாறாமை போயிற்று. பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் தளமே திறக்கவில்லை என்றால் கிடைப்பு போயிற்று. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. அதோடு இவை ஒன்றையொன்று இழுக்கவும் செய்யும்: உரிமையாளராலேயே திறக்க முடியாத அளவுக்குப் பூட்டினால் மறைகாப்பு பிரமாதம், கிடைப்பு பூஜ்யம். துண்டறிக்கை பொதுமக்களுக்கு என்றால் ‘பாதுகாப்பின் மூன்று தூண்கள்’ என்று எழுதி, கீழே மூன்றையும் விளக்கிவிடுங்கள். சிஐஏ என்ற எழுத்துகளைத் தமிழில் கொண்டுவரவே வேண்டாம். தமிழில் அந்த முதலெழுத்துகள் எதையும் நினைவூட்டப் போவதில்லை, ஒரு உளவு நிறுவனத்தைத் தவிர.

இன்றில்லாவிட்டாலும் நாளை உங்களிடம் செய்திக் கட்டுரை வரும், அதில் ‘நியூக்ளியர் ட்ரையட்’ இருக்கும். அப்போது ‘அணு ஆயுத முப்படை’ என்று போட வேண்டாம். நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணை, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் ஏவுகணை, விமானத்திலிருந்து போடும் குண்டு, இவைதான் அந்த மூன்று. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துவிடத் தோன்றும். அமெரிக்காவில் நில ஏவுகணையும் குண்டுவீச்சு விமானமும் இரண்டுமே விமானப்படையிடம், நீர்மூழ்கி கடற்படையிடம். தரைப்படைக்கு அதில் பங்கே கிடையாது. ‘முப்படை’ என்ற ஒரு சொல் இல்லாத தரைப்படையை உள்ளே இழுத்துவிடும். இங்கே உருவிப் பார்க்கும் சோதனை தலைகீழாக வேலை செய்கிறது: ஒன்றை எதிரி அழித்தாலும் மற்றவை நின்று திருப்பியடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் மூன்றாகவே வைத்திருக்கிறார்கள். ‘நிலம், நீர், வான் மும்முனை அணுத் தாக்குதல் திறன்’ என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளட்டும்.

சமூகவியலிலும் இந்தச் சொல் உண்டு. ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மல் 1908இல் எழுதிய நூலில், இருவர் இருக்கும் உறவில் மூன்றாமவர் வந்து உட்கார்ந்தவுடன் என்ன மாறுகிறது என்று பார்த்தார். அந்த மூன்றாமவர் நடுவராகலாம், பிரித்தாளலாம், அல்லது இருவர் சண்டையில் சும்மா லாபம் பார்க்கலாம். கடைசி வகைக்கு அவர் லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார். நமக்கு ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே இருப்பது ஆட்கள் என்பதால் ‘மூவர்’ அல்லது ‘மூவருறவு’ என்று தைரியமாக எழுதலாம். ஒருவரை உருவினால் மீண்டும் இருவர், கதையே வேறு.

ஒரு இடத்தில் மட்டும் ட்ரையட்டுக்குத் தமிழில் சொந்தக்காரரே இருக்கிறார். வேல்ஸ் நாட்டுப் பழைய பாணர்கள் ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் மும்மூன்றாகச் சேர்த்து மனப்பாடம் செய்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் அவற்றை ‘வெல்ஷ் ட்ரையட்ஸ்’ என்பார்கள். ஒரு செய்யுளுக்கு மூன்று செய்தி என்று நூறு வெண்பாவில் நல்லாதனார் செய்தது அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மருந்தின் பெயரையே நூலுக்கு வைத்தார், திரிகடுகம் என்று. வேல்ஸ் பாட்டைப் பற்றிய கட்டுரை வந்தால் ‘திரிகடுகம் போன்ற மும்மணிச் செய்யுள்கள்’ என்று ஒரே ஒரு முறை ஒப்பிட்டுக் காட்டுவேன். வாசகருக்கு உடனே பிடிபடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். ட்ரையட்டின் அக்காள் தங்கைகளையும் நீங்கள் சந்திப்பீர்கள். ‘ட்ரியோ’ வந்தால் உடனே ‘மூவர்’ என்று போடலாம், ஆனால் ‘பியானோ ட்ரியோ’ என்பது மூன்று பியானோ அல்ல. ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ. வாசிக்கும் மூவருக்கும் அதுதான் பெயர், அவர்கள் வாசிக்கும் உருப்படிக்கும் அதுதான் பெயர். ‘ட்ரினிட்டி’க்கு ‘திரித்துவம்’, ‘மூவொரு கடவுள்’ என்று கிறித்தவத் தமிழ் எப்போதோ வழி செய்துவிட்டது. ‘மூவொரு’ என்ற ஆக்கத்தில் மூன்றும் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள், கோட்பாடு முழுவதும் மூன்றே எழுத்தில். அங்கே போய் ‘மும்மூர்த்தி’ என்று எழுதினால் இரண்டு சமயத்தாரும் கோபிப்பார்கள். ‘ட்ரொய்கா’ ரஷ்யாவின் மூன்று குதிரை வண்டி. ஐரோப்பியக் கடன் நெருக்கடி நாள்களில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் மூன்றையும் சேர்த்து அப்படித்தான் அழைத்தார்கள்.

தமிழின் ‘மு’ ஒரு நல்ல இயந்திரம். மெய்யெழுத்துக்கு முன்னால் குறுகி அடுத்த எழுத்தை இரட்டிக்கும்: முத்தமிழ், முப்பால், முச்சந்தி. உயிருக்கு முன்னால் நீளும்: மூவர், மூவேந்தர், மூவுலகு. இதனால் புதுச் சொல் ஆக்குவது எளிதாகிவிடுகிறது, ஆபத்தும் அதுவே. முக்குறி, முக்காரணி, முக்கூட்டு என்று நான் மேலே அடுக்கியதெல்லாம் அரை நிமிடத்தில் செய்யக்கூடியவை. செய்த பிறகு, அந்தச் சொல் ஏற்கெனவே யாருடைய வீட்டிலாவது குடியிருக்கிறதா என்று ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். (போகிற போக்கில்: 300 என்பதை ‘முந்நூறு’ என்று எழுதுங்கள். ‘முன்னூறு’ உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் ஏழில் இருக்கிறது.)

இப்படி முட்டிக்கொள்வது நாம் மட்டுமில்லை. கடலுக்கு ‘முந்நீர்’ என்று பெயர். மூன்று நீர் என்றால் ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்று ஒரு விளக்கம். இல்லை, ‘நீர்’ என்பது இங்கே தண்ணீரே இல்லை, நீர்மை, அதாவது தன்மை. நிலத்தைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மை உடையது கடல் என்று இன்னொரு விளக்கம். பழைய உரையாசிரியர்களே இதில் ஒருவரோடொருவர் மறுத்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் பட்டியலின் ‘மும்மை’யும் அப்படித்தான். ‘மும்மையால் உலகாண்ட மூர்த்திக்கும் அடியேன்’ என்று சுந்தரர் பாடினார். எந்த மூன்று என்று அந்த வரியில் இல்லை. பிறகு வந்த பெரியபுராணம்தான் திருநீறு, உருத்திராக்கம், சடைமுடி என்று கதையோடு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். நிறுவனத்துக்கு நீங்கள் எழுத வேண்டியது பட்டியல் தவறு என்ற புகாரை அல்ல. புகார் எழுதினால் திட்ட மேலாளர் அதைப் பட்டியல் தயாரித்தவருக்கே அனுப்புவார், அவர் அகராதியைக் காட்டுவார், கதை முடிந்தது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன அட்டவணை அனுப்புங்கள்: ஆங்கிலச் சொல், துறை, அந்த மூன்றும் எவை, முன்மொழியும் தமிழ்ச் சொல். நான்கு வரி போதும். ‘வேதியியலுக்கு மும்மை அப்படியே இருக்கட்டும்’ என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பட்டியல்காரருக்கு மரியாதையும் கிடைக்கும், துறை என்றொரு பத்தியும் பட்டியலில் முளைக்கும். பதில் வரும்வரை மென்பொருளில் சிவப்புக் கோடு விழுந்தால் விழட்டும். பக்கத்தில் கருத்துப் பெட்டியில் காரணத்தை எழுதி வையுங்கள். செவிலியர் குறிப்பில் மட்டும் பதிலுக்காகக் காத்திருக்காமல், முக்குறி என்று எழுதிய இடத்திலேயே மூன்று அறிகுறிகளையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஹாங்காங். என்னைத் தபால் அட்டையால் அடிக்க வைத்தது இந்த ட்ரையட்தான். சீன ரகசியச் சங்கங்களில் ஒன்றின் பெயர் ‘சான்ஹே ஹுய்’, மூன்றும் இணைந்த சங்கம் என்று பொருள். வானம், பூமி, மனிதன் என்பவை அந்த மூன்று. முக்கோணம் சின்னம். ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்து எல்லாச் சங்கத்துக்கும் சேர்த்து ‘ட்ரையட்’ என்று பெயர் போட்டார்கள். ஹாங்காங்கில் 1845இலேயே அந்தப் பெயரைச் சொல்லி ஒடுக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு எண்களில் பதவி: சாதாரண ஆள் 49, அடியாள் படைக்குத் தலைவன் 426, எல்லோருக்கும் மேலே 489. உங்கள் சப்டைட்டிலில் யாராவது இந்த எண்களைச் சொன்னால் தொலைபேசி எண் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கும்பலிலிருந்து ஒருவரை உருவிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது, ஆயிரத்தில் ஒருவர் குறைவார். இங்கே மூன்று என்பது எண்ணிக்கை இல்லை, பெயர். பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.

அதுவும் சப்டைட்டில். திரையில் இரண்டு நொடி நிற்கும் வரியில் ‘அவன் மும்மையைச் சேர்ந்தவன்’ என்று வந்தால், பார்ப்பவர் அந்த இரண்டு நொடியையும் அதிலேயே செலவழித்துவிடுவார். முதல் முறை ‘ட்ரையட் கும்பல்’ என்று போடுங்கள். அடுத்த முறையிலிருந்து, ‘அவன் ட்ரையட் ஆள்.’